வானமும் நம் வாழ்வும்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

'விண்வெளியும் கலையும் அன்றாட வாழ்வும்' என்ற தலைப்பை விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்தபோது, ஆள் மாறிவிட்டதோ என்றே எண்ணினேன். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திற்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வேத் தேர்வு எழுதி, மேற்கு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரத்தலாம் நகரிலே வாழ்ந்து வருகிறவன். ஓட்டுநர்களும் கார்டுகளும் வேலை செய்த மணிகளைக் கூட்டிப் பட்டியல் எழுதுவதே என் தொழில். விண்ணைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதுமா என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்கள் வீட்டுப் பின்கட்டில் இரவு நேரத்தில் நடப்பதைச் சொன்னால் போதும்" என்றார். ஆகவே என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை ஊரிலிருந்து இங்கே அழைத்து வந்தேன். என் தந்தையார் திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு சிறு நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பின் அம்மா அங்கே தனியாக இருந்தார். வீட்டையும் விற்க நேர்ந்தது. வந்த புதிதில் அவர் பட்ட பாட்டை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். பால்காரன் பேசுவது புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் அன்போடு பேசினாலும் விடை சொல்ல மொழியில்லை. தண்ணீர் வேறு, அரிசி வேறு, குளிர் வேறு. பின்கட்டில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். உணவும் சரியாக உட்கொள்வதில்லை. "தம்பி, என்னைக் கொண்டுபோய் ஊரிலே விட்டுவிடு" என்று நாள்தோறும் ஒரு முறையாவது சொல்வார். யாரிடம் விடுவது? அந்த ஊரில் எங்களுக்கு இனி ஒரு வாசற்படி இல்லையே என்று எண்ணி, நான் விடை சொல்லாமல் அலுவலகத்திற்குப் போய்விடுவேன்.

கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு காலனி முழுவதும் மின்சாரம் நின்றது. நிலவில்லாத இரவு. நாங்கள் எல்லாரும் பின்கட்டுக்கு வந்தோம். அம்மா தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, ஆறுமீன் இங்கேயுமா இருக்கிறது?" என்று கேட்டார்.

அவையோரே, அந்தக் கேள்வியைக் கேட்டு என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடை, கோயில், மரம், மனிதர் என்று எதைப் பார்த்தாலும் 'இது ஊரில் இருப்பதுபோல் இல்லையே' என்று வருந்திக்கொண்டிருந்தவருக்கு, ஊரில் பார்த்த ஒரு பொருள் மாறாமல் கண்முன் நின்றது. "எங்கே அப்பாயி, எனக்குக் காட்டு" என்றாள் என் மகள். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை எங்கள் வீட்டில் நடந்து வருகிறது.

ஆறுமீன் என்றும் கார்த்திகை என்றும் நாம் சொல்லும் அந்த விண்மீன் கூட்டத்தில் உண்மையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. நம் வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிகின்றன. அங்கிருந்து புறப்படும் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகும். அக்பர் ஆட்சி நடந்த காலத்தில் புறப்பட்ட ஒளியை நாம் இன்றைக்குக் காண்கிறோம். ஜப்பான் தேசத்தார் இதே கூட்டத்தைச் 'சுபரு' என்று அழைக்கின்றனர். அப்பெயரில் அங்கு ஒரு மோட்டார் கம்பெனியே இருக்கிறது. அதன் சின்னத்தில் ஆறு விண்மீன்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் கார்த்திகையில் விளக்கு ஏற்றுகிறோம்; அவர்கள் வண்டியின் முகப்பில் அதை மாட்டிக்கொள்கிறார்கள்.

விளக்கு ஏற்றுகிறோம் என்றேன். ஏன் அந்த மாதத்திற்குக் கார்த்திகை என்று பெயர்? அம்மாதத்து முழுநிலா, வானத்தில் ஆறுமீனுக்கு அருகில் நிற்கும். அதனால் அப்பெயர். மார்கழித் திருவாதிரையில் முழுநிலா ஆதிரை என்ற செம்மீனை அடுத்து வரும். தையில் பூசத்தை அடுத்து வரும். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி, வானத்தைப் பார்த்து எழுதிய ஓவியமே. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று வாரந்தோறும் ஏழு விண்பொருள்களின் பெயரைச் சொல்லியே நாம் பால் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்கிறோம். நாள்தோறும் அதன் பெயரைச் சொல்லுகிறோம். ஆனால் அதை ஏறிட்டுப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

திருமணத்தில் அருந்ததி பார்க்கும் சடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வடதிசையில் ஏழு முனிவர் மண்டலத்தில் வசிட்டர் எனப்படும் விண்மீனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு மீன் இருக்கிறது. அதுவே அருந்ததி. நல்ல கண்ணுடையவருக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இன்று கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்குப் புரோகிதர் மின்விசிறியைச் சுட்டிக் காட்டுகிறார். மணமக்களும் தெரிகிறது என்று தலையாட்டுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து என் தாயார்தான் உண்மையான அருந்ததியை எனக்கும் என் மனைவிக்கும் காட்டினார்.

கூரையைப் பார்த்து விண்மீனை நினைப்பது நம் காலத்து வேடிக்கை மட்டும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் இதற்கு ஓர் அரிய காட்சி உண்டு. பாடியவர் நக்கீரர். குளிர்காலம், அரசன் போர்க்களத்துப் பாசறையில் இருக்கிறான். அரண்மனையில் அரசி கட்டிலில் தனியே இருக்கிறாள். கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் விதானம் கட்டியிருக்கிறார்கள். அதிலே மேடம் முதலாகிய இராசிகளையும், அவற்றின் இடையே திரியும் திங்களையும், அத்திங்களைப் பிரியாமல் நிற்கும் உரோகிணியையும் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அரசி அந்த உரோகிணியைப் பார்க்கிறாள்; நெடுமூச்சு விடுகிறாள்; கண்ணீர் வருகிறது. 'அவள் பிரியாமல் இருக்கிறாள். நான் மட்டும் பிரிந்திருக்கிறேனே' என்று எண்ணினாள் போலும். சேடியர் சொன்ன ஆறுதல் எதுவும் பயன்படவில்லை என்றும் பாட்டிலே வருகிறது.

இரவுப் பணிக்குப் போன கணவருக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் நிறைந்த இந்த அவையில், அந்த அரசியின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. என் தாயாரும் அவ்வாறு காத்திருந்தவரே. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கடிகாரம் இல்லை. ஆறுமீன் உச்சியைத் தாண்டிச் சாயும்போது அடுப்பை மூட்டுவாராம். தந்தையார் வரும்போது சோறு சூடாக இருக்குமாம். "மேகம் மூடிய இரவில் என்ன செய்வாய்?" என்று என் மகள் கேட்டாள். "அன்றைக்கு உன் தாத்தாவுக்குப் பழையதுதான்" என்றார் அம்மா.

நெடுநல்வாடையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்த அரண்மனைக்கு எப்படி இடம் குறித்தார்கள் என்று நக்கீரர் சொல்கிறார். இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் ஞாயிற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைப் பார்த்துத் திசையை அறிந்து, நூல் பிடித்து அளந்தார்கள். மேலே விதானத்தில் விண்ணின் ஓவியம். கீழே கடைக்கால் விண்ணின் அளவு. கலைக்கும் வாழ்க்கைக்கும் வானம் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

இத்தகைய ஏக்கமும் அதற்கு வானம் தரும் மருந்தும் நமக்கு மட்டும் உரியவை அல்ல. ஹாலந்து தேசத்து ஓவியர் வின்சென்ட் வான்கோ, 1889ஆம் ஆண்டில் மனநோயின் காரணமாகத் தென் பிரான்சில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்தார். பிறந்த நாடும் உற்றாரும் தொலைவில். அறைக்கு ஒரு ஜன்னல். விடியலுக்கு முன் அந்த ஜன்னல் வழியே விடிவெள்ளி மிகப் பெரிதாகத் தெரிந்ததென்று தம் தம்பிக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூன் மாதத்தில் அவர் தீட்டிய 'விண்மீன் இரவு' என்ற ஓவியம் இன்று நியூயார்க் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. வானம் முழுவதும் சுழன்று பொங்குவதுபோல் வரைந்திருக்கிறார். அதில் ஒளி வீசும் பெரிய வெண்மீன் அவர் கண்ட வெள்ளியே என்பர். நம் வீட்டுப் பெண்கள் வாசல் தெளிக்க எழும்போது பார்க்கும் அதே வெள்ளி!

விண்வெளிக்கே சென்றவரும் ஓவியம் வரைந்தார். 1965 மார்ச் 18ஆம் நாள் ருஷ்ய நாட்டு அலெக்ஸி லியோனவ், கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்த முதல் மனிதர் ஆனார். அந்தப் பயணத்திலே, மிதந்து போய்விடாதபடி நூலால் கட்டிய வண்ணப் பென்சில்களைக் கொண்டு, பூமியின் விளிம்பில் கதிரவன் உதிக்கும் காட்சியை ஒரு சிறு தாளில் வரைந்தார். உயிருக்கே உறுதியில்லாத பயணம் அது. திரும்பக் கலத்துக்குள் நுழைவதற்குள் அவர் பெரும்பாடு பட்டார். அப்படியிருந்தும் பெட்டியில் பென்சில் எடுத்துக்கொண்டு போனார் என்றால், அழகைக் கண்டவனுக்கு அதைப் பிறருக்குக் காட்டாமல் இருக்க முடியாது என்பதன்றோ காரணம்?

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். நான் மணிக்கணக்கு எழுதுகிறவன் என்றேன். அந்த மணி எங்கிருந்து வந்தது என்பதை அண்மையில்தான் அறிந்துகொண்டேன்.

கடந்த டிசம்பர் 25ஆம் நாள் நம் காலனிக் குடும்பங்கள் சில உஜ்ஜயினிக்குப் போயிருந்தோம். மகாகாலர் தரிசனம் முடிந்தபின், பலரும் ரயிலுக்கு நேரமாகிறது என்று சொன்னதையும் கேளாமல், குழந்தைகளை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் சென்றேன். ஜெயப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெயசிங் 18ஆம் நூற்றாண்டில் தில்லி, ஜெயப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து இடங்களில் கட்டிய வானாய்வுக் கூடங்களில் அதுவும் ஒன்று. பழைய இந்தியக் கணிதர்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டையே முதற் கோடாகக் கொண்டு கணக்கிட்டனர். அங்கே சாய்ந்த சுவர் ஒன்றின் நிழல், இருபுறமும் வளைந்த கல்லின்மேல் ஊர்ந்து சென்று மணியைக் காட்டுகிறது. நம் பிள்ளைகளுள் ஒருவன் நிழலைப் பார்த்தான். தன் தந்தையின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மாமா, ராஜாவின் கடிகாரம் 27 நிமிடம் லேட்!" என்று கூவினான். ரயில்வேப் பிள்ளை அல்லவா, எதைப் பார்த்தாலும் லேட்டா ரைட் டைமா என்றுதான் கேட்பான்.

ராஜாவின் கடிகாரம் பிழையற்றது. அது உஜ்ஜயினிக்கு உரிய ஞாயிற்றின் நேரத்தைக் காட்டுகிறது. நம் கைக்கடிகாரமோ இந்திய நாட்டுக்கெல்லாம் பொதுவான நேரத்தைக் காட்டுகிறது. அப்பொது நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஞாயிறு ஒரு பாகை கடக்க 4 நிமிடம் ஆகும். உஜ்ஜயினி அக்கோட்டுக்கு ஏறத்தாழ 6¾ பாகை மேற்கே இருப்பதால் 27 நிமிட வேறுபாடு. நம் இரத்தலாமுக்கு அது ஏறத்தாழ 30 நிமிடம். நம் கடிகாரம் பன்னிரண்டு அடித்து அரை மணி கழிந்த பிறகே நமக்கு உச்சிப் பொழுது வருகிறது. ஆண்டின் வேறு நாட்களில் இந்தக் கணக்கு சில நிமிடங்கள் கூடும், குறையும். டிசம்பர் 25 அந்தத் திருத்தம் வேண்டாத நாட்களில் ஒன்று.

இந்தப் பொது நேரம் 1906 ஜனவரி 1ஆம் நாள் ஏற்பட்டது. அதற்கு முன் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் ஒரு மணிக்கு மேல் வேறுபாடு. ரயில் ஓடுவதற்கு இது உதவுமா? ஆகையால் 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட சென்னை நேரத்தை மேற்கொண்டன. தமிழ்நாட்டு நேரத்தில் இந்த நாட்டு ரயில்கள் ஓடின என்பதைக் கேட்க நமக்கெல்லாம் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது! ஆனால் அந்தச் சென்னை நேரம் எப்படிக் கிடைத்தது? நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வுக் கூடத்தில், வடக்குத் தெற்காக நிலைநிறுத்திய தொலைநோக்கியின் நடுவிலுள்ள மெல்லிய இழையை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தை இரவெல்லாம் விழித்திருந்து குறித்தார்கள். அதைக்கொண்டு கடிகாரத்தைத் திருத்தினார்கள். அங்கே முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தென்வானில் ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு விண்மீனை 1867ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி, ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்ற அரிய நிகழ்ச்சியைப் பாமரரும் அறியும் பொருட்டுப் பல மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். நான் எழுதும் மிகைநேரப் பட்டியலின் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பின்னால், அத்தகையோர் தூங்காது கழித்த இரவுகள் உள்ளன.

அன்று விண்மீன் ரயிலுக்கு நேரம் சொல்லிற்று. இன்று செயற்கைக்கோள் ரயில் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இஸ்ரோவின் ஒத்துழைப்போடு எஞ்சின்களில் பொருத்தப்பட்டுவரும் கருவி, வண்டி இரு நிலையங்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்பதை 30 விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர் எந்த இடத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்று நாம் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கிறோம். என் தாயார் ஆறுமீனைப் பார்த்து அடுப்பு மூட்டியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை!

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 இறங்குகலம் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியதை நாம் எல்லாரும் இந்த மண்டபத்திலேயே கூடிப் பார்த்தோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். அவர் தந்தையார் தெற்கு ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். மகன் படித்தது விழுப்புரம் ரயில்வேப் பள்ளியில். ரயில்வே காலனிப் பிள்ளைகளே, இதை மனத்தில் இருத்துங்கள். கலம் இறங்குவதைச் சோதித்துப் பார்க்க, நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து கிடைத்தது. அன்று பின்வரிசையில் இருந்த நம் நாமக்கல் நண்பர் எழுந்து நின்று கைதட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள். 1977ஆம் ஆண்டு அமெரிக்கர் அனுப்பிய இரண்டு வாயேஜர் கலங்களில், பொன் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. வேற்றுலகில் யாரேனும் இருந்தால் கேட்கட்டும் என்பது எண்ணம். அதில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை! இதைச் சொன்னவுடன் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் கண்டனத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்றார். நான் சொன்னேன்: அதே தட்டில் கோவாவிலே பிறந்த கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடிய பாட்டு இருக்கிறது. பைரவியைக் கேட்டு உருகுவதற்கு மராட்டியராய் இருக்க வேண்டுமா? வாசலில் வந்து பாடுபவரின் பாட்டுக்கு நாம் ஊரும் மொழியும் கேட்பதில்லையே. வாழ்த்தில் நம் மொழி விடுபட்டது வருத்தமே. எனினும் அந்தக் குரல் நம் எல்லாருடைய குரலாகவும் சென்றுகொண்டிருக்கிறது.

அவையோரே, இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருகிறேன். 'ஆறுமீன் இங்கேயுமா?' என்று கேட்ட என் தாயார், சில நாட்கள் சென்றபின் வேறொன்றைக் கண்டுபிடித்தார். "ஊரிலே ஆறுமீன் உச்சிக்கு வரும்போது கொஞ்சம் வடக்கே ஒதுங்கிப் போகும். இங்கே நேரே தலைக்கு மேல் போகிறது. அகத்தியர் மீன் இங்கே இறங்கிக் கிடக்கிறது" என்றார். நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி.

திருவாரூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10¾ பாகையில் இருக்கிறது. இரத்தலாம் 23⅓ பாகையில். வேறுபாடு ஏறத்தாழ 12½ பாகை. ஆகவே வட துருவ மீன் நமக்கு இங்கே அவ்வளவு உயர்ந்து தெரிகிறது; தென்திசை அகத்திய மீன் அவ்வளவு தாழ்ந்து விடுகிறது. ஊரில் தென்வானில் 26 பாகை உயரம் வரை எழும் அகத்தியர், இங்கே 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. தெற்கே போய்த் தங்கிவிட்ட முனிவர், வடக்கே வந்த நமக்குத் தலை தாழ்த்திக்கொண்டார் போலும்!

கையை முழுவதும் நீட்டி முட்டி மடக்கிப் பிடித்தால், அந்த முட்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 பாகையை மறைக்கும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், நாம் வடக்கே வந்த தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ரயிலில் இரண்டு இரவுப் பயணம். வானத்தில் அளந்தால் ஒரு கைமுட்டியும் சில விரற்கடையும். இதை அம்மாவுக்குக் கையைப் பிடித்துக் காட்டினேன். தம் முட்டியை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். அன்று முதல் ஊருக்குக் கொண்டுபோய் விடு என்று அவர் சொல்லவில்லை. துயரம் அடியோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

விண்வெளி தரும் ஊக்கம் என்று பெரியோர்கள் பேசுவதை நான் இந்த அளவிலேதான் அறிவேன். நாம் விட்டுவந்த பொருள்கள் பல. வீடு, வயல், கோயில், குளம் ஆகியவற்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வர முடியவில்லை. வானம் ஒன்று மட்டும் சிறிது சாய்ந்தவாறு நம்மோடு வந்திருக்கிறது. அந்தச் சாய்வே நாம் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அடையாளம். அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை தன் ஊரையும் அறிவான். இருக்கும் ஊரையும் அறிவான்.

கடந்த மார்கழியில் என் மகள் வாசலில் ஆறு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாள். சுற்றி இழைக்கோலம், நடுவில் ஆறு புள்ளிகள் மட்டும் கோடின்றி நின்றன. பக்கத்து வீட்டு அம்மாள், மாளவத்துப் பெண்மணி, "இதென்ன, முடிக்காமல் விட்டுவிட்டாயே?" என்று கேட்டார். மகள் விளக்கினாள். "ஓ, கிருத்திகா!" என்று அவர் மகிழ்ந்து, தம் வீட்டு வாசலிலும் போடச் சொன்னார். மறுநாள் என் தாயாரும் அந்த அம்மாளும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு கோலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். என்ன புரிந்ததோ, யான் அறியேன். அரை மணி நேரம் நின்றார்கள்.

வானத்தில் புள்ளிகள் மட்டுமே உண்டு. வேடனாகவும் தேளாகவும் ஏழு முனிவராகவும் கோடு இழுத்துப் பார்த்தவன் மனிதன். நம் வாசற்கோலமும் அவ்வாறே புள்ளியில் தொடங்குகிறது. கலைக்கு இதைவிட எளிய பாடம் வேண்டியதில்லை.

முடிப்பதற்கு முன் சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது: ரயில் யார்டின் உயர்விளக்குகளை நாம் அணைக்க முடியாது, அங்கே மனிதர் உயிர் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுத் தாழ்வார விளக்குகளை மாதத்தில் ஓர் அமாவாசையை அடுத்த சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மைதானத்திற்கு வரலாம். இரண்டாவது: சங்கத்துக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்க வேண்டும். கேரம் பலகைக்கு ஒதுக்கும் தொகையில் கொஞ்சம் சேர்த்தால் போதும். மூன்றாவது: அடுத்த மார்கழிக் கோலப் போட்டிக்கு விண்மீன்களையே பொருளாக வைக்க வேண்டும்; மற்ற மொழிக்காரர்களையும் அழைக்க வேண்டும்.

என் தாயார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சென்ற ஆண்டு அவருக்குக் கண்புரை முற்றியது. ஆறுமீன் ஒரு புகைபோலத் தெரிகிறது என்றார். பேத்தி எண்ணிச் சொல்ல, இவர் கேட்டுக்கொள்வார். கார்த்திகைக்குப் பிறகு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குளிருக்கு அஞ்சி இதுவரை அவரை இரவில் வெளியே விடவில்லை. இன்று மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். இக்கூட்டம் முடிந்ததும் மைதானத்தில் நிறுத்தி எண்ணச் சொல்லப் போகிறோம். இந்தத் தை மாதத்து முன்னிரவில் ஆறுமீன் நேர் உச்சியில் நிற்கும். நீங்களும் வாருங்கள். அவர் எத்தனை என்று சொன்னாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.